கல்வீட்டில் பேயைக் குடியேற்றும் முன்

கற்பனை உலகக் கதை எழுதுகிறவர்கள், நண்பர்களை உட்கார வைத்துப் பகடை உருட்டிச் சாகச விளையாட்டு நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் 'மறைந்துபோன மக்களின் பேய் உலவும் கோயில்' தேவைப்படும். பெரும்பாலானோர் பேயிலிருந்து தொடங்குவார்கள். அது எப்படி இருக்கும், எப்போது பாயும் என்று முடிவு செய்துவிட்டு, கடைசியில் அதைச் சுற்றி நாலு தூண் நிறுத்துவார்கள். அந்தக் கோயில் யாரையும் பயமுறுத்தாது. முதலில் அங்கே நடந்த சடங்கை எழுதுங்கள். யார் செய்தார்கள், எந்தப் பருவத்தில், எந்தப் பொருளை வைத்து என்பதை எல்லாம் எழுதிவிட்டு, அதில் ஒரே ஒரு படி மட்டும் நின்றுபோகச் செய்யுங்கள். பேய் அங்கிருந்து வரட்டும்.

பழனிமலையிலும் நீலகிரியிலும் இருப்பவர்களுக்கு மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. தாண்டிக்குடி, பேத்துப்பாறை பக்கம் கல்திட்டைகள் உண்டு. சுற்றிலும் பலகைக் கற்களை நட்டு, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றிய ஈம அறைகள் அவை. ஊர்க்காரர்கள் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். பழனிமலைக் கல்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. நீலகிரியில் இவற்றோடு வேறு வகையும் உண்டு: குன்று உச்சிகளில் கல்வட்டங்களும் கற்குவைகளும். நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் அவற்றில் பலவற்றைத் தோண்டினார். அவர் இறந்த பிறகு 1873இல் அவருடைய நூல் வந்தது. அங்கே கிடைத்த மண்கலங்களின் மூடிகளில் எருமை முதலான விலங்குகளின் உருவங்கள் நிற்கின்றன. அந்த மூடிகளின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், மண்டையோடு அடுக்கிய பலிபீடம் எவ்வளவு சலிப்பான கற்பனை என்று புரியும்.

ஒரு எச்சரிக்கை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பளியர் எல்லோரும் இன்று நம்மோடு வாழும் மக்கள். அவர்களுடைய உடையையோ சடங்கையோ எடுத்து 'மறைந்த இனம்' என்று கதையில் வைப்பது தவறு. மறைந்த மக்களை முழுக்க நீங்களே படையுங்கள். இந்தப் பதிவுக்காக ஒரு பெயர் வைத்துக்கொள்வோம்: ஊதையர்.

இனி கட்டடம். ஊதையரின் கல்வீடு, அதாவது கல்திட்டை, ஒன்றின் உள்ளளவு நீளம் 2 மீட்டர், அகலம் 1.2, உயரம் 1.2. பலகைக் கற்களின் கனம் 15 செ.மீ. ஒவ்வொன்றும் தரைக்குக் கீழே அரை மீட்டர் புதைந்திருக்க வேண்டும். நான்கு பலகைகளையும் பெட்டி போல மூலைக்கு மூலை பொருத்தக் கூடாது. ஒவ்வொரு பலகையின் ஒரு முனை அடுத்த பலகையைத் தாண்டி நீள வேண்டும். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திகா போலத் தெரியும். தென்னிந்தியாவில் மண்ணுக்குள் பலகைக் கற்களால் கட்டிய ஈமப்பெட்டிகளான கல்பதுக்கைகள் பலவற்றில் இந்த அமைப்பு உண்டு. வெளியே அணைத்த மண் தள்ளும்போது ஒரு பலகையை அடுத்தது தாங்கிக்கொள்ளும், உள்ளே சாயாது. கிழக்குப் பலகையில் 40 செ.மீ. அகலத்தில் வட்டமான இடுதுளை. அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். இந்த 80 பின்னால் வேலைக்கு ஆகும்.

மூடுகல் 2.5 மீட்டருக்கு 2 மீட்டர், கனம் 25 செ.மீ. நம் மலைப் பாறை ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 2.7 டன். அப்படியானால் மூடுகல் 3.4 டன். சமதரையில் வெறும் மண்மேல் இழுக்க, எடையில் பாதியளவு விசை வேண்டும் என்று வையுங்கள். ஓர் ஆள் தொடர்ந்து 30 கிலோ விசை கொடுப்பார் என்றால் 60 பேர் வேண்டும். 10 பாகைச் சரிவில் ஏற்றினால் 75 பேர். அத்தனை பேர் வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு வர, ஊரில் 250 பேராவது இருந்திருக்க வேண்டும். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர், பக்கத்தில் சமைத்த இடம், கல் பெயர்த்த பாறை எல்லாம் வரைபடத்தில் வந்தாக வேண்டும். நெருப்பு மூட்டிச் சூடேற்றித் தண்ணீர் ஊற்றினால் பாறை தகடாகப் பெயரும். கல்வீட்டிலிருந்து அரை மைலில் அப்படி உரித்த ஒரு பாறையையும், பெயர்த்தபின் தூக்காமல் விட்ட ஒரு பலகையையும் வைத்துவிடுங்கள். விளையாடுகிறவர்கள் முதலில் அதைத்தான் காண வேண்டும்.

மூடுகல்லை ஏற்றும்போது பலகைகள் உள்ளே விழாமலிருக்க அறை முழுவதும் மண்ணை நிரப்புவார்கள். வெளியே சாய்தளம் போட்டுக் கல்லை இழுத்து மேலே நிறுத்துவார்கள். பிறகு உள்ளே இருக்கும் மண்ணை எடுக்க ஒரே வழி அந்த 40 செ.மீ. துளை. தோள் அகன்ற ஆள் அதில் நுழைய முடியாது. பத்து வயதுப் பிள்ளை நுழையும். ஊதையரின் சடங்கு இங்கேதான் பிறக்கிறது. கல்வீட்டின் முதல் மண்ணை அள்ளி வெளியே கொடுத்தது ஒரு பிள்ளை. அதனால் என்றைக்கும் உள்ளே போக உரிமை உள்ளது ஒரு பிள்ளைக்குத்தான். யாராவது இறந்தால், சாம்பலையும் சில எலும்புத் துண்டுகளையும் கலத்தில் இட்டு, அவருக்குரிய விலங்கு நிற்கும் மூடியால் மூடி, அந்தப் பிள்ளையின் கையில் கொடுப்பார்கள். அது பின்சுவர் ஓரமாக வைத்துவிட்டு வரும். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் பிள்ளை உள்ளே போய், சேர்ந்த வண்டலை வாரி வெளியேற்றி, ஒவ்வொரு மூடியையும் தொட்டுப் பெயர் சொல்லும்.

இப்போது ஒரு படியை நிறுத்துங்கள். ஊதையர் ஊரில் பிள்ளைகள் இல்லை. நோயா, பஞ்சமா, கீழ்நாட்டுக்குப் போய்விட்டார்களா என்று நீங்கள் முடிவு செய்யலாம், வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்கள் இருக்கிறார்கள், துளை இருக்கிறது, நுழைய ஆள் இல்லை. வண்டல் ஏறுகிறது.

எவ்வளவு ஏறும்? துளையின் கீழ்விளிம்பு வரை, அதாவது அந்த 80இல் துளையின் பாதி 20 போக 60 செ.மீ. அதற்குமேல் வந்தால் துளை வழியே வெளியே வழிந்துவிடும். அறை சரிபாதி நிறைகிறது. இங்கே கல்வீடு தானாகப் பேச ஆரம்பிக்கும். பாட்டிலின் வாயில் சாய்வாக ஊதினால் ஒலி வருவது போல, துளையைக் காற்று உரசும்போது அறைக்குள் இருக்கும் காற்று அதிரும். இந்த அளவுகளுக்குக் கணக்குப் போட்டால், வெற்று அறையின் அதிர்வு நொடிக்குச் சுமார் 16. மனிதக் காதின் கீழ் எல்லை 20 என்பார்கள், ஆக, கேட்காது. வண்டல் 30 செ.மீ. ஏறினால் 19. பாதி நிறைந்தால் 23. பராமரித்த காலமெல்லாம் ஊமையாக இருந்த கல்வீடு, கைவிட்ட பிறகு முனக ஆரம்பிக்கிறது. ஊதையர் உயிரோடு இருந்த வரை அந்த ஒலியைக் கேட்டதே இல்லை என்பதைக் கதையில் எங்காவது புதைத்து வையுங்கள்.

இது நடக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. பலகைகளின் இடுக்குகள் களிமண்ணும் சில்லுக்கற்களும் வைத்து அடைபட்டிருக்க வேண்டும். இடுக்கு திறந்தால் காற்று கசிந்து ஒலி எழாது. காற்றும் துளையை உரசிக்கொண்டு போக வேண்டும். கிழக்கு வாய்க்கு வடகிழக்குப் பருவக்காற்று சாய்வாக வரும், தென்மேற்குக் காற்று முதுகுப்பக்கம் அடிக்கும். எனவே ஆனி ஆடியில் வந்து பார்த்தவர் 'அங்கே ஒன்றுமில்லை' என்பார், கார்த்திகையில் வந்தவர் ஊரைவிட்டே ஓடுவார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். விளையாட்டில் இந்த இரண்டு சாட்சிகளையும் சந்திக்க வையுங்கள். பருவத்தை வைத்துப் புதிரை அவிழ்ப்பவர் ஒருவராவது அணியில் இருப்பார்.

உறைபனி இரவில் இன்னொன்று நடக்கும். அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும். அது துளை வழியே கசிந்து குளிரில் படும்போது வெண்புகையாகத் தெரியும். கல்வீடு மூச்சு விடுகிறது என்று எழுத மந்திரம் எதுவும் தேவையில்லை.

எலும்புக்கூடுகளை எடுத்துவிடுங்கள். மழை மிகுந்த மலையின் அமில மண்ணில் எலும்பு நிலைக்காது. கலம் நிலைக்கும், சூதுபவளமணி நிலைக்கும், இரும்பு ஈட்டிமுனை துருக்கட்டியாக மிஞ்சும். உள்ளே நல்ல எலும்பு கிடந்தால் அது புதிய எலும்பு. முள்ளம்பன்றி எலும்புகளை இழுத்துவந்து கொறிக்கும் பழக்கம் உள்ளது; பல் தடம் வரிவரியாக இருந்தால் அதன் வேலை. தடமில்லாத எலும்பு கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். கயிற்றில் ஓடும் பொறி, மரக்கதவு, சுழலும் கத்தி எல்லாமும் வேண்டாம். இந்த ஈரத்தில் கயிறும் மரமும் நெடுங்காலம் தாங்காது. ஆயிரம் ஆண்டு கழித்தும் வேலை செய்யும் ஒரே பொறி எடைதான்.

அந்த எடை எப்போது விழும் என்பதைப் பலகைகள் சொல்லும். உள்நோக்கிச் சாய்ந்த பலகை என்றால், புதையல் தேடி யாரோ உள்ளே அடியைத் தோண்டியிருக்கிறார்கள். வெளிநோக்கிச் சாய்ந்தால், அணைத்த மண்ணை மழை அரித்திருக்கிறது. முதலில் விரிசல் விடுவது துளையுள்ள பலகை, அதுதான் பலவீனமானது. விரிசல் துளையிலிருந்து மேல்நோக்கி ஓடியிருந்தால் அணியில் யாரையும் உள்ளே விடாதீர்கள். இந்த அடையாளங்களை முன்கூட்டியே காட்டாமல் கல்லைத் தலையில் போடுவது விளையாடுகிறவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பேய்க்கு வருவோம். பெயர் சொல்லப்படாத மூடிகள் வண்டலுக்கு அடியில் கிடக்கின்றன. உருவம் மண்ணில் புதைந்துவிட்டதால் அந்த விலங்குகள் வெளியே உருவமில்லாமல் திரிகின்றன. எருமை மூடி என்றால் மணியோசையும் நசுங்கிய புல்லும் மட்டும். மயில் மூடி என்றால் அகவல், அதுவும் மயில் ஏறாத உயரத்தில். அவை யாரையும் தாக்க வேண்டியதில்லை. கல்வீட்டை நோக்கிப் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போகின்றன, அவ்வளவுதான். அடிவாரத்து ஊர் பயப்பட அது போதும்.

அந்த ஊர்க்காரர்களைக் கவனமாக எழுதுங்கள். மறைந்த மக்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் நடுவே எப்போதும் மூன்றாவது ஒரு மக்கள் இருப்பார்கள். நீலகிரியில் குறும்பரும் இருளரும் இறந்தவருக்காக ஆற்றில் தேய்ந்த நீளக்கல் ஒன்றைக் கொண்டுவந்து பழைய கல்வீடுகளில் வைத்ததை 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். யார் கட்டியதோ தெரியாத இடத்தை மரியாதையோடு தம்முடையதாக்கிக்கொண்ட பழக்கம் அது. உங்கள் ஊர்க்காரர்களுக்கும் அப்படி ஏதாவது ஒரு பழக்கத்தைப் புதிதாக உருவாக்குங்கள். அவர்கள் வாயில் பேய்க்கதை வேண்டாம், அன்றாடப் பேச்சு போதும்:

"அந்த மேட்டுல புல்லு நல்லாத்தான் இருக்குண்ணே. மாடு மேயாது. எங்க அப்பத்தாவும் ஓட்டல, நானும் ஓட்டல. கார்த்திக முடியட்டும், பிள்ளைகள வெளிய விடுவோம்."

இதில் பருவம், இடம், யாருக்கு ஆபத்து மூன்றும் வந்துவிட்டன. சாபத்தை விளக்கும் கல்வெட்டு எதற்கு?

தீர்வு, வாரி வெளியேற்றுவதுதான். 2 மீட்டர், 1.2 மீட்டர், 0.6 மீட்டர்: 1.44 கனமீட்டர் வண்டல். கனமீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் 2.3 டன். 15 கிலோ பிடிக்கும் கூடையில் ஏறக்குறைய 150 கூடை. கூரைக்கும் வண்டலுக்கும் நடுவே 60 செ.மீ. மட்டும் இருப்பதால் உள்ளே இருப்பவர் நிமிர முடியாது. படுத்தபடி அள்ள வேண்டும். கூடைக்கு ஐந்து நிமிடம் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். கார்த்திகை இரவு பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓர் இரவில் முடிக்க நினைத்தால் கொஞ்சம் போதாமல் போகும். அந்தச் சில நிமிடங்களில்தான் உங்கள் உச்சக்காட்சி. அணியில் துளைக்குள் நுழையும் அளவுக்குச் சிறியவர் யார் என்பதை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அடிவாரத்து ஊரிலிருந்து ஒரு பிள்ளையைக் கேட்க வேண்டி வரும். அந்தப் பேச்சுவார்த்தையை எந்தச் சண்டையைவிடவும் நீளமாக நடத்தலாம்.

வண்டல் குறையக் குறைய முனகல் தாழ்ந்துகொண்டே போகும். அணிக்கு எண் சொல்ல வேண்டாம். முதல் ஐம்பது கூடை வரை ஒலி காதில் கேட்கும், நூறாவதில் நெஞ்சில் மட்டும் அதிரும், கடைசியில் ஒன்றுமிராது. மூடிகள் மேல்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக வெளிவரும். ஏழு கலம் போதும். அதற்குமேல் வைத்தால் பெயர்களை யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள். பெயர்கள் எங்கே கிடைக்கும் என்பதுதான் கடைசிச் சிக்கல். ஊதையருக்கு எழுத்து இல்லை. அடிவாரத்து ஊரில் பிள்ளைகள் விளையாடும் எண்ணிக்கைப் பாட்டில், பொருள் புரியாத ஏழு சொற்களாக அவற்றை வைத்துவிடுங்கள். முதல் நாள் ஆட்டத்திலேயே அந்தப் பாட்டு ஒருமுறை காதில் விழுந்திருக்க வேண்டும், யாரும் கவனிக்காத இடத்தில். வரிசை மாறினால் தவறான விலங்கு தவறான கலத்துக்குப் போகும். அப்படி நடந்தால் தண்டனையாக யாரையும் கொல்லாதீர்கள். மணியோசை மயில் பக்கமிருந்து வரட்டும், மறுபடி முயல ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.