பெய்ஸ்லி டோக்கன் ஒருவழியாக வார்ப்பில் விழுந்தது

ஒருவழியாக டோக்கன் அச்சிலிருந்து சுத்தமாக விழுந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் பிறந்து, நியூயார்க்கில் ஏழை விதவைகளுக்காகச் சங்கம் அமைத்த இசபெல்லா கிரஹாமின் வாழ்க்கையை அறை அறையாகக் காட்டும் மரப்பெட்டியில் முதல் அறைக்கான சாமான் இது. பெட்டி எப்போதோ தயார். ஓர் அங்குலம்கூட இல்லாத இந்த உலோகத் துண்டுதான் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தது.

அந்தக் காலத்து ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவ சபைகளில் நினைத்தவர்கள் எல்லாம் திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) உட்கார்ந்துவிட முடியாது. வருஷத்துக்கு ஓரிரு முறைதான் விருந்தே நடக்கும். அதற்கு முன் போதகரும் மூப்பர்களும் வேத அறிவையும் நடத்தையையும் விசாரிப்பார்கள். தேறியவர்கள் கையில் ஒரு காரீய டோக்கன். அதைக் கொடுத்தால்தான் மேசையில் இடம். 1742-இல் லனார்க்‌ஷயரில் பிறந்து எல்டர்ஸ்லியில் வளர்ந்த இசபெல்லாவை, பதினேழு வயது வாக்கில் திருவிருந்தில் சேர்த்தவர் பக்கத்து ஊரான பெய்ஸ்லியின் போதகர் ஜான் விதர்ஸ்பூன். அதனால் என் டோக்கனில் மேலே பெய்ஸ்லிக்கான ஆங்கில பி (P) எழுத்து, கீழே 1759. எந்த அசலின் நகலும் இல்லை. அந்தப் பாணியில் நானே வரைந்தது.

வார்ப்பு அச்சுக்காக மாக்கல்லில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்டுவதெல்லாம் நமக்குப் பழகியதுதான். (பழைய டோக்கன்கள் சிலவற்றில் என், எஸ் எழுத்துகள் திரும்பிக் கிடக்கும். அவற்றைச் செய்தவர்களும் நம்ம ஆட்கள்தான்!) வம்பு பண்ணியது பி எழுத்தின் வயிறு. எழுத்தைப் பள்ளமாக வெட்டினால் வயிற்றுக்குள் கடுகளவு கல் திட்டு ஒன்று தனியாக நிற்கும். உலோகம் ஆறும்போது சுருங்கி அந்தத் திட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வில்லையை நெம்பி எடுத்தால் திட்டும் கூடவே வந்துவிடும். ஒன்பதின் தலையிலும் இதே கதை. கல்லை மாற்றினேன், புகைக்கரி பூசினேன், முகப்பவுடர்கூடத் தூவினேன். ம்ஹூம்.

கடைசியில் வழிக்கு வந்தது சரிவு. திட்டின் பக்கங்களைச் செங்குத்தாக விடாமல், அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் வெட்ட வேண்டும். பல் டாக்டர்கள் கழித்துப் போடும் பழைய பர் (பல்லைக் குடையும் சின்ன முனை) ஒன்றும், முனையைச் சப்பையாகத் தீட்டிய கோணி ஊசியும் போதும். ஊசியை நிமிர்த்திப் பிடிக்காமல் சாய்த்தே சுரண்டுங்கள். காற்று வெளியேற அடியில் முடியளவு கோடு. அச்சைப் பழைய தோசைக்கல்லில் மெதுவாகச் சூடாக்கிய பிறகே ஊற்றல். ஈரம் இருந்தால் முகத்தில் தெறிக்கும், குளிர்ந்த கல்லானால் ஐந்தின் கொக்கி வரை உலோகம் போகவே போகாது. இப்போது வில்லை தட்டினால் விழுகிறது. பி எழுத்தின் வயிறு அவ்வளவு கூர்மை. வீட்டில் எல்லோரிடமும் காட்டியாகிவிட்டது, பால்காரர் உட்பட.

காரீயத்தை நான் வீட்டில் உருக்குவதில்லை. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், வேலையும் சுலபம், விலைதான் அநியாயம். இணையத்தில் சுத்த வெள்ளீயம் என்று ஒரு கட்டி வாங்கினேன். சுத்த வெள்ளீயம் என்றால் வளைக்கும்போது கிரீச்சிடும். இதில் அந்தச் சத்தமே இல்லை. ஈயச்சொம்பு விற்கும் கடையில் உடைசல் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவோ மேல்.

சரி, இரண்டாவது அறை. 1765-இல் ராணுவ மருத்துவர் ஜான் கிரஹாமைக் கல்யாணம் செய்துகொண்டு, அவருடைய படைப்பிரிவோடு மான்ட்ரியல், பிறகு நயாகரா கோட்டை. பிரெஞ்சுக்காரர்கள் 1720-களில் கட்டிய கல்வீடு அங்கே இன்னும் நிற்கிறது. அதைத் தக்கையில் செதுக்க உத்தேசம். மூன்றாவது அறை கரீபியன் தீவான ஆன்டிகுவா. அங்கேதான் காய்ச்சலில் கணவர் போனார். கையில் மூன்று பெண்கள், வயிற்றில் ஒரு பிள்ளை. ஊர் திரும்பினால் அப்பாவும் நொடித்துப்போயிருந்தார். கார்ட்சைடில் ஒரு கூரை வீடு, காலையில் கஞ்சி, ராத்திரிக்கு உருளைக்கிழங்கும் உப்பும். கார்ட்சைட் அறையில் வேறு எதையும் வைக்காமல் ஒரு மரக்கிண்ணம் மட்டும் போதும் என்று தோன்றுகிறது.

1789-இல் இசபெல்லா நியூயார்க் போய்ப் பெண்கள் பள்ளி தொடங்கியதற்குத் தூண்டுதல் அதே விதர்ஸ்பூன்தான். அதற்குள் அவர் பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவராகி, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார். நியூயார்க்கில் இசபெல்லா சேர்ந்தது மேசன் போதகரின் ஸ்காட்டிஷ் சபை. அப்பாவுக்குப் பின் அங்கே வந்த மகன் மேசன், திருவிருந்தை அடிக்கடி நடத்த வேண்டும் என்று 1798-இல் எழுதியவர்.

இசபெல்லாவைப் பற்றிய எழுத்துகளில் பக்திதான் பெரிதாகப் பேசப்படும். எனக்கு அவருடைய கணக்குப் புத்திதான் பிடித்தது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைப்பார். 1797-இல் மகள் ஜோவானா, எலிசபெத் சீட்டன் முதலானவர்களோடு சேர்ந்து, சின்னக் குழந்தைகளோடு தவித்த ஏழை விதவைகளுக்காகச் சங்கம் அமைத்தார். முதல் குளிர்காலத்திலேயே 98 விதவைகளையும் 223 குழந்தைகளையும் தாங்கியிருக்கிறார்கள். இந்த அறைக்குக் கணக்கேடு ஒன்று தைக்க வேண்டும்.

நியூயார்க் போகும் முன் அவர் இருந்த எடின்பரோவுக்கான அறையில் இன்னொரு சிக்கல். அங்கே அவர் வாரம் ஒரு பென்னி போட்டு நோயாளிகளுக்கு உதவும் பென்னிச் சங்கம் நடத்தினார். ஆனால் பிரிட்டனில் செம்புப் பென்னி வந்ததே 1797-இல்தான். ஆகவே மூன்றாம் ஜார்ஜின் அரைப் பென்னி இரண்டு வைக்கலாம் என்று இருக்கிறேன். நல்ல நகல் எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ராஜா தலையை மாக்கல்லில் வெட்ட இப்போதைக்குத் தெம்பில்லை.