தகவலாளர் 7

எம்.ஏ. மாணவி ஒருத்தியின் புராஜெக்டை, வேறு எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கிற மென்பொருளில் ஓட்டியதில் பிளேஜியரிசம் ரிப்போர்ட் 34 சதவீதம் என்று வந்து நின்றது. நான்தான் நெறியாளர். பொதுவாக இப்படி வந்தால் முன்னுரையில் எங்கிருந்தோ நாலு பத்தியைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், கூப்பிட்டுத் திட்டிவிட்டு மாற்றி எழுதச் சொல்வோம், முடிந்தது கதை. இதில் முன்னுரை சுத்தமாக இருந்தது. பின்னிணைப்பில் இருந்த அம்பாப் பாட்டுகள்தான், ஒத்துப்போகிறது என்று வரிக்கு வரி சிவப்பு.

பிள்ளைக்கு ஊர் பாம்பன். கரைவலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு அது. ஒருவர் எடுத்துக்கொடுக்க, கயிற்றைப் பிடித்திருக்கிற மற்றவர்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஒரு அடி பின்னால் வைப்பார்கள். மீன் சேர்கிற வலையின் மடி கரைக்கு நெருங்க நெருங்க பாட்டின் வேகம் கூடும். எங்கே காப்பியடித்தாய் என்று கேட்டதற்கு அவள் அழவில்லை, கோபப்பட்டாள். "சார், இது எங்க தாத்தா பாடுனது. நான் போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன், கேளுங்க."

கேட்டேன். பின்னால் அலைச் சத்தம், ஒரு கோழி, அவள் அம்மா யாரையோ கூப்பிடுகிற குரல், நடுவில் தாத்தா. சரி, அப்படியென்றால் இது எதோடு ஒத்துப்போகிறது என்று ரிப்போர்ட்டில் இருந்த இணைப்பைத் திறந்தேன். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கிற சோத்கங்கா இணையதளத்தில் ஏற்றப்பட்டிருந்த ஒரு பிஎச்.டி. ஆய்வேடு. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம், விடுங்கள். அதன் பின்னிணைப்பில் அதே பாட்டுகள். மேலே இப்படி இருந்தது: "தகவலாளர் 7. ஆண். வயது 63. தொழில்: மீன்பிடித்தல். இடம்: பாம்பன்."

தகவலாளர் 7 அவளுடைய தாத்தாதான்.

அதாவது, தாத்தாவின் பாட்டைப் பேத்தி திருடிவிட்டாள் என்று கம்ப்யூட்டர் சொல்லியிருக்கிறது. யாரிடமிருந்து என்றால், தாத்தாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனவரிடமிருந்து. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

துறையில் சொன்னதும் ஒருவர், "காப்பிரைட் பிரச்சினை ஆயிடும், அந்தப் பாட்டையெல்லாம் எடுத்துடச் சொல்லுங்க" என்றார். இங்கேதான் எனக்கு ஏறிவிட்டது. ஏனென்றால் இந்த நாட்டில் வகுப்பறைக்கு என்று சட்டம் கொடுத்திருக்கும் இடம் சின்னதல்ல. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில், சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் விமர்சனத்துக்கும் ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்று இருக்கிறது. பாடம் நடத்துகிற போக்கில் ஆசிரியரோ மாணவரோ பிரதி எடுப்பது மீறலாகாது என்று தனியாகவும் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடைமேல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் 2012-இல் வழக்குப் போட்டன. பாடத்திட்டப்படி பல புத்தகங்களிலிருந்து பக்கங்களைத் தொகுத்து விற்கிறார்கள் என்பது புகார். 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் நின்றது. அப்பீலிலும், கற்பிக்கத் தேவையான அளவு என்றால் பக்கக் கணக்கு பார்க்க வேண்டியதில்லை என்ற திசையில்தான் தீர்ப்பு வந்தது. ராமேஸ்வரம் ரோட்டில் கல்லூரிக்கு எதிரே ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுக்கிற அண்ணனுக்கு இது தெரியாது. அவர் கடை அந்தத் தெம்பில்தான் ஓடுகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் எங்கள் விஷயம் அதுவே அல்ல. காப்பிரைட் வேறு, கருத்துத் திருட்டு வேறு. முதலாவது சட்டம், இரண்டாவது யார் சொன்னது என்று ஒழுங்காகச் சொன்னாயா என்கிற படிப்பாளி நாணயம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி ஒத்துப்போவது 10 சதவீதம் வரை என்றால் ஒன்றுமில்லை, 10 முதல் 40 என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். ஆதாரம் சொல்லி மேற்கோளாகக் காட்டியதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே விதிமுறை சொல்கிறது. யாரும் அதுவரை படிப்பதில்லை.

காப்பிரைட்டையே எடுத்துக்கொண்டாலும், தலைமுறையாகப் பாடி வருகிற பாட்டின் சொற்களுக்கு ஆய்வேடு எழுதியவர் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது. அவர் எழுதிய விளக்கம், அவர் செய்த ஆய்வு, அது அவருடையது. பாட்டு அல்ல. போகிற போக்கில் சம்மாட்டியை, அதாவது படகு முதலாளியை, கிண்டலடித்துத் தாத்தாவே கட்டிச் சேர்த்த வரிகள் நாலைந்து இருக்கின்றன, அதற்கு யாராவது உரிமை கேட்கலாம் என்றால் அவர்தான் கேட்க வேண்டும். போதாக்குறைக்கு, பாடியவருக்கே நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது, 50 வருடத்துக்கு. யார் நிகழ்த்துநர் என்ற பட்டியலில் பாடகர், நடிகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி எல்லாரும் வருகிறார்கள். விரிவுரை ஆற்றுபவரும் வருகிறார், ஆக நானும் பாம்பாட்டியும் ஒரே பந்தி. 2012 திருத்தத்தில் இன்னொன்றும் சேர்த்தார்கள்: நிகழ்த்தியது நான்தான் என்று அடையாளம் காட்டச் சொல்லி அவர் கேட்கலாம்.

இதை வைத்து அந்த ஆய்வாளர்மேல் வழக்குப் போடலாமா என்றால், நிற்காது. ஆராய்ச்சிக்காக மட்டும் பதிவு செய்தால் அதற்கு விலக்கு உண்டு. நிகழ்த்துநர் உரிமை குரலின் மேல் நிற்பது, காகிதத்தில் எழுதிய சொற்களின் மேல் அல்ல. பெயரை மறைப்பது ஆய்வு நெறி என்றும் சொல்வார்கள். குடும்பச் சண்டை, சாதி, நோய் என்று பேசினால் மறைக்கத்தான் வேண்டும். பாட்டுப் பாடியவரை எதற்கு ஐயா மறைக்க வேண்டும்? மேற்கோள் காட்டிய பேராசிரியர்கள் அத்தனை பேருக்கும் இனிஷியலோடு பெயர் இருக்கிறது அந்த ஆய்வேட்டில்.

இதற்கு நடுவில் அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். சிவப்பு வரிகளுக்கு நடுவே அங்கங்கே ஒரு சொல் மட்டும் வெள்ளையாக நின்றது. அவள் "சோழகம்" என்று எழுதியிருந்தாள். எங்கள் பக்கம் தெற்கேயிருந்து அடிக்கிற காற்றுக்குச் சோழகம் என்று பெயர். ஆய்வேட்டில் அந்த இடத்தில் "சோழன்" இருந்தது, கீழே சோழர் கடற்படை பற்றி எட்டு வரி அடிக்குறிப்பு வேறு. காப்பியடித்திருந்தால் அவளிடமும் சோழன்தானே வந்திருப்பான்? அந்தப் பக்கத்தைத்தான் துறைத்தலைவர் மேசையில் வைத்தோம். பாட்டுகளை மேற்கோளாக உள்தள்ளி, ஒவ்வொன்றின் கீழும் பாடியவர் முழுப் பெயர், ஊர், பதிவு செய்த தேதி, பழைய ஆய்வேட்டில் இது எந்தப் பக்கம் என்று எல்லாம் போட்டு மறுபடி ஓட்டியதில் 6 வந்தது.

பெயர் போடச் சம்மதமா என்று கேட்க நானும் அவளோடு பாம்பன் போனேன். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபமே வரவில்லை, எனக்குத்தான் ஏமாற்றம். "அந்தப் புள்ள நாலு நாள் சாயங்காலம் வந்துச்சு. பேரு கேட்டு எழுதிக்கிருச்சே. கருவாடுகூடக் கட்டிக் குடுத்தோம்" என்றார். சோழன் கதையைச் சொன்னதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், இருமல் வருகிற வரைக்கும்.

"அந்தப் புள்ளைக்குப் பட்டம் கெடச்சிருச்சா தம்பி?"

கிடைத்துவிட்டது என்றேன்.

"நல்லாருக்கட்டும். காத்து பேர மட்டும் திருத்தச் சொல்லுங்க."

மெயில் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.