எழுதிக் கொடுக்காத ஒரு வரி

"நீங்கள் சொன்னதாக எழுதலாம்" என்றேன். "அப்படியென்றால் நீங்கள் நம்பவில்லையா?" என்று கேட்டார் அந்த அம்மா. நம்புகிறேன் என்றேன். "அப்புறம் என்ன? எழுதிக் கொடுங்கள்."

பழைய நாணயம் ஒன்றை விலை மதிப்பிட என்னிடம் கொண்டுவந்தவர் அவர். அது எங்கிருந்து வந்தது என்று அறிக்கையில் ஒரு வரி கேட்டார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி விடுவதாயில்லை.

நாணயத்தில் சிக்கலே இல்லை. இன்றைய இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் சிரக்யூஸ் நகரை ஆண்ட கிரேக்க அரசர் இரண்டாம் ஹியரோனின் வெண்கலக் காசு. கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று ஆர்க்கிமிடீஸைப் பார்க்கச் சொன்னதாகக் கதையில் வருகிறாரே, அதே அரசர். ஒரு பக்கம் தலையில் பட்டை கட்டிய அவர் முகம். மறுபக்கம் ஈட்டியோடு பாயும் குதிரைவீரன், கீழே கிரேக்க எழுத்தில் அரசர் பெயர். விட்டம் 27 மில்லிமீட்டர், எடை 17 கிராமுக்குச் சற்று மேல். சிசிலியின் வெண்கலக் காசுகளுக்குக் கால்சியாட்டி என்பவர் போட்ட மூன்று தொகுதிப் பட்டியலில் தேடினால் வகை உடனே கிடைத்துவிடும். கிமு 215-ல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆண்டவர். இந்தக் காசை ஏராளமாக அடித்திருக்கிறார், ஏலத்துக்கும் அடிக்கடி வருகிறது. இதே அளவு தேய்ந்தவை என்ன விலைக்குப் போயின என்று பார்த்து 60 முதல் 80 பவுண்டு என்று குறித்தேன்.

விலையைக் கேட்டு அவர் முகம் மாறவில்லை. அவருக்கு வேண்டியது வேறு. அப்பா 1943-ல் சிசிலியில் இறங்கிய பிரிட்டிஷ் படையில் இருந்தவர், அங்கிருந்து கொண்டுவந்தது என்று எங்கள் மதிப்பீட்டு அறிக்கையில் ஒரு வரி. அந்த ஜூலை 10-ஆம் தேதியே சிரக்யூஸ் பிரிட்டிஷ் படையிடம் விழுந்துவிட்டது, ஆக கதை பொருந்துகிறது. ஆனால் ரசீது இல்லை, கடிதம் இல்லை, ஒரு போட்டோகூட இல்லை.

எங்கள் தொழிலில் அதிகம் கேட்கும் பொய்யும் இதுதான்: ரொம்ப நாளாக வீட்டிலேயே இருந்தது. பழம்பொருள் கடத்தலைத் தடுக்க வந்த 1970 யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்பே நாட்டை விட்டு வெளியே வந்த பொருள் என்றால் விற்பது சுலபம். அதனால் நேற்றுத் தோண்டியதற்கும் ஒரு தாத்தா முளைத்துவிடுவார். இத்தாலியிலோ மண்ணில் கிடைக்கும் பழம்பொருள் அரசுக்குச் சொந்தம் என்று 1909-லேயே சட்டம் இருக்கிறது. நான் கண்ணால் பார்க்காத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட ஆரம்பித்தால், நாளைக்கு வருகிற திருடனுக்கும் போட வேண்டியிருக்கும். இதைத்தான் அவரிடமும் பக்குவமாகச் சொன்னேன்.

ஆனால் நான் எதையும் பார்க்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. லென்ஸில் பார்த்தபோது குழிவான இடங்களில் கரும்பச்சைக் களிம்பு அப்படியே இருந்தது. அரசரின் கன்னத்திலும் குதிரையின் தொடையிலும் மட்டும் அது போய், பழுப்பாக, வழவழவென்று இருந்தது. பழங்காலத்தில் புழங்கித் தேய்ந்த இடமென்றால் அதன் மேலும் களிம்பு படிந்திருக்கும். இது களிம்பு ஏறிய பிறகு வந்த தேய்மானம். மண்ணிலிருந்து எடுத்த பின் யாரோ பல வருடம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, விரலால் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அது 1943 என்பதற்கோ அவர் அப்பா என்பதற்கோ சாட்சி ஆகாது, சரி. ஆனால் அதை நான் அவரிடம் சொன்னது, விலை ஏன் குறைகிறது என்பதற்குக் காரணமாக மட்டும். கேட்டது விலை மதிப்பு, சொன்னது விலைக் காரணம். அதில் தவறு என்ன என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இப்போதெல்லாம் இப்படித் தேய்ந்த காசு வந்தால், "நெடுநாள் கையில் வைத்திருந்ததற்கான தேய்மானம்" என்று அறிக்கையில் ஒரு வரி சேர்க்கிறேன். எங்கள் சீனியர் அதை அடித்துவிடுகிறார். வாங்குகிறவனுக்கு அது தேவையில்லை என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். அடுத்த அறிக்கையிலும் எழுதித்தான் அனுப்புகிறேன்.