அப்பாவின் சாய்ந்த ஓ

அப்பாவிடம் ஓர் அமெரிக்க ஸ்டாம்ப் உண்டு. 1973-ல் வந்தது, எட்டு சென்ட். மேலே எல், ஓ. கீழே வி, இ. பள்ளிக்கூட நாளில் யாருக்கோ வந்த கவரைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரித்தெடுத்தாராம். அதில் ஓ மட்டும் வலப்பக்கம் சரிந்திருக்கும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மேல் தூங்கி விழுகிற ஆள் மாதிரி.

அது அச்சுப்பிழை என்பது அப்பாவின் தீர்மானம். 1918-ல் விமானத்தைத் தலைகீழாக அச்சடித்துவிட்ட ஸ்டாம்ப் கோடிக்கணக்கில் விலைபோன கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். வீட்டு லோன், அக்கா கல்யாணம் என்று அம்மா எதற்குப் புலம்பினாலும் ஒரே பதில்தான்: "ஆல்பத்துல ஓ இருக்குடி." யாரிடமும் காட்டமாட்டார். ஏமாற்றிவிடுவார்களாம்.

போன மாதம் இருவரும் நியூஜெர்சியில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனேன். சிட்டி ஹாலைப் பார்த்துவிட்டு லவ் பார்க் பக்கம் திரும்பியதும் அம்மாதான் முதலில் கத்தினாள்.

"ஏங்க, உங்க ஓ!"

உயரமான ஸ்டாண்டின் மேல், அலுமினியத்தில், அதே நாலு எழுத்து. ஓவும் அதேபோல் சரிந்திருந்தது. கீழே போட்டோ எடுக்கப் பெரிய வரிசை.

அப்பா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். "இங்கயும் தப்பாப் பண்ணிட்டாங்களா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ராபர்ட் இண்டியானா என்ற பாப் ஆர்ட் ஓவியர் வேண்டுமென்றே ஓவைச் சாய்த்ததையும், 1965-ல் நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தின் கிறிஸ்துமஸ் கார்டுக்கு அதை வரைந்து கொடுத்ததையும், பிறகு சிலையாகி, ஸ்டாம்ப் முப்பது கோடிக்கு மேல் அச்சானதையும் சொன்னேன்.

"எத்தனை கோடி?" என்றாள் அம்மா. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"வரைஞ்சவருக்கு என்ன கிடைச்சுது?" அப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

"ஸ்டாம்புக்கு ஆயிரம் டாலர். காப்பிரைட்டும் சரியா வாங்கி வைக்கலை. மக், டி-ஷர்ட்னு ஊரே போட்டு வித்துடுச்சு."

"பாவம், நம்மள மாதிரிதான்" என்றார். எந்த வகையில் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் முறை வந்தது. பின்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரர் தானே முன்வந்து போனை வாங்கிக்கொண்டார். அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஓரடி தள்ளியே நின்றாள். அப்பாவோ கேமராவைப் பார்க்காமல் மேலே பார்த்தார்.

"ஏண்டா, ஸ்டாம்புல நீலம். இங்க ஊதாவா இருக்கே?"

"இந்தச் சிலைக்கு ஊதாதாம்ப்பா. நடுவுல யாரோ தப்பா நீலம் அடிச்சுட்டாங்க. 2018-லதான் திரும்ப மாத்தினாங்க."

"தப்பா நீலமா?" அப்பாவின் முகத்தில் பல்ப் எரிந்தது. "அப்போ என் ஸ்டாம்புல இருக்கற நீலம்..."

அம்மா தலையில் அடித்துக்கொண்ட அந்த நொடியில்தான் வெள்ளைக்காரர் க்ளிக் செய்தார். ஹாலில் மாட்டியிருக்கிறோம். மேலே பெரிதாக லவ்.