மினியைத் தேடினால் மினி மட்டும்: கார் படத் தொகுப்புக்குத் தேடல் அமைத்த கதை

ஒருவழியாகத் தேடல் வேலை செய்கிறது. 'மினி' என்று தமிழில் தட்டினால் மினி கார்கள் மட்டும் வருகின்றன. இதில் என்ன பெருமை என்று கேட்பவர் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் முழுஉரைத் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5-ஐத் தமிழ்க் குறிப்புகளோடு ஓட்டிப் பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும். இதற்கு முன்பு மினியைத் தேடினால், குறிப்பில் 'முன்பக்கம்' என்ற சொல் இருக்கும் அத்தனை படங்களும் வந்து நின்றன. கார் படத்துக்குக் குறிப்பு எழுதுகிறவர்களில் 'முன்பக்கம்' என்று எழுதாதவர் யார்?

தொகுப்பின் நோக்கம் எளிது. கார் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து எங்கள் வண்டிகளின் படங்களை ஓர் இடத்தில் போடுகிறோம். எந்த வண்டி, எந்தத் தலைமுறை, எந்த நிறம், பெயிண்ட் அடிப்பதற்கு முன்பா பின்பா என்று தேடி எடுக்க முடிய வேண்டும். பதிவேற்றம், தம்ப்நெயில், லேசி லோடிங் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. லிப்விப்ஸ் என்ற படச் செயலாக்க நூலகத்தை வைத்தேன், அந்த வேலை முடிந்தது. ஜேபெக்கைத் திறக்கும்போதே சுருக்கி எடுத்துக்கொள்வதால் நினைவகத்தையும் அதிகம் தின்பதில்லை. எக்சிஃபில் (கேமரா படத்தோடு சேர்த்து எழுதும் விவரம்) ஓரியன்டேஷன் 6, அதாவது பக்கவாட்டில் சாய்ந்தது, என்று இருக்கும் படங்களை முதலில் திருப்பி வைத்துவிட்டு, அப்புறம் ஜிபிஎஸ் விவரத்தை உரித்துவிடுங்கள். பாதிப் படங்கள் சொந்த வீட்டு வாசலில் எடுத்தவை. விலை உயர்ந்த வண்டி நிற்கும் இடத்தை ஊருக்கே அறிவிக்க வேண்டியதில்லை.

சேமிப்பிடம் பற்றி ஒரு புலம்பல், அப்புறம் தேடலுக்கு வருகிறேன். முதலில் எடுத்த சேவை, மூலப் படங்களைக் கேட்காமலே மறுபடி சுருக்கி வைத்தது. நிறப் புரொஃபைலையும் சேர்த்துக் கழற்றிவிட்டதால் சிவப்பு வண்டிகளெல்லாம் வெளிறிப்போயின. பெயர் வேண்டாம். எந்த இடத்தை எடுத்தாலும் ஒரு கோப்பை ஏற்றி, திரும்ப இறக்கி, இரண்டின் எஸ்எச்ஏ-256 மதிப்பும் (கோப்பின் கைரேகை மாதிரி) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

சரி, மினி ஏன் முன்பக்கம் ஆனது? எஃப்டிஎஸ்5 இயல்பாகப் பயன்படுத்தும் யூனிகோட்61 டோக்கனைசர் (உரையைச் சொற்களாக வெட்டும் பகுதி), யூனிகோடில் எழுத்து, எண் என்று வகைப்படுத்தப்பட்டவற்றைத்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் அதற்குப் பிரிப்பான். தமிழின் துணைக்குறிகளும் புள்ளியும் யூனிகோட் கணக்கில் எழுத்து அல்ல, குறி. ஆகவே 'மினி' அதன் கண்ணில் ம, ன என்று இரண்டு துண்டு. 'முன்' என்பதும் அதே ம, ன. 'கார்' என்று தேடினால் 'கூரை'யும் வரும், இரண்டுமே க, ர என்பதால். எங்கள் தொகுப்பில் கூரை மடக்கும் வண்டிகள் நிறைய. அதனால் இந்தக் கோளாறு வெளியே தெரிவதே இல்லை. முடிவுகள் சரியாக வருவதுபோலத்தான் தோன்றும். மினிதான் காட்டிக்கொடுத்தது.

தீர்வு ஒரே வரி. அட்டவணையை உருவாக்கும்போது டோக்கனைசரின் கேட்டகரீஸ் அமைப்பில், இயல்பாக இருக்கும் எல்*, என்*, சிஓ (எழுத்து, எண், தனிப்பயன் குறியீடு) மூன்றோடு எம்என், எம்சி என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்க்க வேண்டும். எம்என் மட்டும் போதாது. புள்ளியும் ஈகாரக் குறியும் எம்என் வகை. இகரம், உகரம், ஆகாரம், ஏகாரம் எல்லாம் எம்சி. எம்என்னை மட்டும் சேர்த்தால் 'முன்' முழுதாக ஒட்டாமல், 'மினி'யும் முழுதாக ஒட்டாமல், இன்னும் குழப்பமான முடிவுகள் வரும். மாற்றியபின் பழைய அட்டவணையை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

உரையை மும்மூன்று எழுத்தாக வெட்டும் டிரைகிராம் டோக்கனைசர் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று சொல்வீர்கள். எஸ்க்யூலைட் 3.34 பதிப்பிலிருந்து அது உள்ளேயே வருகிறது, உண்மைதான். ஆனால் மூன்று எழுத்துக்குக் குறைவான தேடலுக்கு அது வாயே திறக்காது. ஆங்கில எழுத்தில் தட்டினால் பிஎம்டபிள்யூவின் எம்3 இரண்டே எழுத்து. கார் தொகுப்பில் எம்3 தேட முடியாது என்றால் தொகுப்பை மூடிவிட்டுப் போகலாம்.

அடுத்தது உருபுகள். சொல்லின் தொடக்கத்தை மட்டும் பொருத்தும் முன்னொட்டுத் தேடல் போட்டு 'பீட்டில்*' என்று கேட்டால் 'பீட்டிலின்', 'பீட்டிலுக்கு' எதுவும் வராது, ஏனென்றால் உருபு சேர்ந்ததும் கடைசிப் புள்ளி போய்விடுகிறது. தேடுசொல்லின் கடைசிப் புள்ளியை வெட்டிவிட்டு 'பீட்டில*' என்று அனுப்பினேன். பீட்டில், பீட்டிலின், பீட்டிலை எல்லாம் வரிசையாக வந்தன. இவ்வளவு சின்ன வெட்டுக்கு இவ்வளவு பலன் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 'நிறம்' என்பது 'நிறத்தில்' ஆகும் இடத்தில் இது உதவாது. ஆனால் இரவல் பெயர்கள் அத்துச் சாரியை எடுப்பது அரிது என்பதால், வண்டிப் பெயர்களுக்கு இதுவே போதும். முழுத் தமிழ் உருபனியல் பகுப்பி ஒன்றை இதற்காக இழுத்துவர எனக்குப் பொறுமை இல்லை.

'போர்ஷே'யில் இருக்கும் ஓகாரம் இன்னொரு கண்ணி. அது ஒரே குறியீட்டுப் புள்ளியாகவும் இருக்கலாம், ஏகாரக் குறியும் ஆகாரக் குறியும் சேர்ந்த இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. குறிப்பு, தேடுசொல் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்தவற்றை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். சிறுகோடு தனித் தலைவலி. எம்எக்ஸ்-5 என்று அப்படியே அனுப்பினால் எஃப்டிஎஸ்5 அந்தக் கோட்டைத் தன் வினவல் இலக்கணமாக எடுத்துக்கொண்டு, '5' என்ற நெடுவரிசை இல்லை என்று பிழை காட்டும். தேடுசொல்லை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் பிழை போகும். ஆனால் கோடில்லாமல் ஒட்டி எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் இடைவெளி, சிறுகோடு, முற்றுப்புள்ளி எல்லாம் நீக்கிய பெயரைத் தனி நெடுவரிசையில் வைத்து, தேடலை இரண்டிலும் ஓட்டுகிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் எழுத்துச் சிக்கல். கார் சிக்கல் இதைவிடப் பெரியது, ஒரே வண்டிக்கு ஊருக்கு ஒரு பெயர். மாஸ்டா எம்எக்ஸ்-5, வட அமெரிக்காவில் மியாட்டா. அதன் முதல் தலைமுறை ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். டாட்சன் 240இசட் ஜப்பானில் ஃபேர்லேடி இசட். மிட்சுபிஷி பஜேரோ சில நாடுகளில் மான்டெரோ, பிரிட்டனில் ஷோகன். போர்ஷே 911 முதலில் 1963-இல் 901 என்ற பெயரில் காட்சிக்கு வந்தது. நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்க எண்கள் தன்னுடையவை என்று பெஜோ எதிர்த்ததால்தான் பெயர் மாறியது. 901 என்று தேடுகிறவர் நிச்சயம் வருவார், நம் ஆட்கள் அப்படி.

நான் வந்து சேர்ந்த முடிவு: தொகுப்பின் முதுகெலும்பு விற்பனைப் பெயர் அல்ல, சேசிஸ் கோடு, அதாவது ஒவ்வொரு தலைமுறை வண்டிக்கும் நிறுவனம் வைக்கும் குறியீடு. எம்எக்ஸ்-5 என்றால் என்ஏ, என்பி, என்சி, என்டி என்று தலைமுறைக்கு ஒரு வரி. எம்எக்ஸ்-5, மியாட்டா, ரோட்ஸ்டர், அவற்றின் தமிழ் எழுத்துக்கூட்டல்கள் எல்லாம் மாற்றுப் பெயர் அட்டவணையில் அந்த வரியோடு தொங்கும். படத்துக்குப் பெயரே கிடையாது. படம் ஒரு காரைச் சுட்டும், கார் ஒரு சேசிஸ் கோடைச் சுட்டும். ஃபோக்ஸ்வாகன், வோக்ஸ்வாகன், வோல்க்ஸ்வேகன் என்று எத்தனை விதமாக எழுதினாலும் புது வரி ஒன்றைச் சேர்த்தால் போதும். படக் குறிப்பைத் தொட வேண்டியதில்லை.

'86' என்ற தேடலில்தான் இந்த அமைப்பின் மதிப்பு எனக்கே புரிந்தது. ஒரு தலைமுறை ஆட்களுக்கு 86 என்றால் 1983-இல் வந்த ஏஇ86, அதாவது கொரோலா லெவின், ஸ்பிரின்டர் ட்ருயெனோ. இன்னொரு தலைமுறைக்கு 2012-இல் வந்த இசட்என்6, அதாவது டொயோட்டா 86, சில சந்தைகளில் ஜிடி86, அமெரிக்காவில் சயான் எஃப்ஆர்-எஸ். எது சரி என்று கணினி முடிவு செய்யக் கூடாது. ஒரு மாற்றுப் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகளைச் சுட்டினால், முடிவுகளுக்கு மேலே 'எந்த 86?' என்று இரண்டு பொத்தான் வருகிறது. சுபாரு பிஆர்இசட்டை அதே குடும்பத்தில் சேர்ப்பதா என்ற சண்டை எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

மினி இங்கேயும் விடவில்லை. 1959-இல் ஆஸ்டின் செவன் என்றும் மோரிஸ் மினி-மைனர் என்றும் இரண்டு பெயரில் வந்தது, 2000 வரை ஓடியது. 2001-இலிருந்து பிஎம்டபிள்யூவின் ஆர்50. பழையதற்கு ஏடிஓ15 என்ற வடிவமைப்புக் கோடு இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லித் தேடுகிறவர்கள் குறைவு. மார்க் 1, மார்க் 2 என்றுதான் கேட்பார்கள். அதனால் கோடுக்குக் கீழே 'தலைமுறை' என்று இன்னொரு படி வைக்க வேண்டியதாயிற்று.

ஆண்டை முழு எண்ணாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: மஸ்டாங். 1964 ஏப்ரலில் வெளியானது, நிறுவனத்தின் கணக்கில் 1965 மாடல், ஆர்வலர்கள் வாயில் அறுபத்து நாலரை. உற்பத்தி ஆண்டு, மாடல் ஆண்டு என்று இரண்டு நெடுவரிசை வைத்தேன். இரண்டில் எதில் பொருந்தினாலும் வண்டி வரும். 'அரை' மாற்றுப் பெயருக்குப் போய்விட்டது.

வரிசைப்படுத்தலில் ஒரு சின்ன விஷயம்: எஃப்டிஎஸ்5-இன் பிஎம்25 மதிப்பு (முடிவு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கான மதிப்பெண்) எதிர்ம எண்ணாக வரும், எவ்வளவு சிறியதோ அவ்வளவு பொருத்தம். ஏறுவரிசையில் அடுக்குங்கள். கோடுக்கு அதிக எடை, மாற்றுப் பெயருக்கு அதற்கடுத்து, குறிப்புக்கு மிகக் குறைவு. இப்படி வைத்தபின் 'முன்பக்கம்' போன்ற சொற்கள் வாலாட்டுவதில்லை.

நிறத் தேடல் இன்னும் கையில் சிக்கவில்லை. படத்திலிருந்து முதன்மை நிறத்தை எடுத்தால் தார்ச்சாலையின் சாம்பலும் புல்லின் பச்சையும்தான் கிடைக்கின்றன. வண்டியை மட்டும் பிரித்தெடுத்து லேப் நிறவெளியில் (கண் நிறத்தைப் பார்க்கும் விதத்தில் அளப்பது) ஒப்பிட்டாலும், சாயங்கால வெயிலில் நிற்கும் வெள்ளை வண்டி ஆரஞ்சாகிறது. மிட்நைட் பர்ப்பிள் பெயிண்ட்டைக் கேட்கவே வேண்டாம். ஒரு படத்தில் கறுப்பு, இன்னொன்றில் ஊதா. ஆகவே படத்திடம் கேட்பதை விட்டுவிட்டு உரிமையாளரிடம் பெயிண்ட் கோடைக் கேட்கப் போகிறேன். நிசான் ஆர்33 ஜிடி-ஆரில் மிட்நைட் பர்ப்பிளின் கோடான எல்பி2 என்று இருந்தால் விவாதமே இல்லை. பெயிண்ட் மாற்றியவர்களுக்குப் பழையது, புதியது என்று இரண்டு இடம்.

இதை முடிக்காமலே அடுத்ததற்குத் தாவிவிட்டேன். விஐஎன், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கும் அடையாள எண், அதிலிருந்து விவரங்களைத் தானாக நிரப்பலாம் என்று ஆசை. 17 எழுத்தில் பத்தாவது மாடல் ஆண்டு. ஆனால் 30 ஆண்டுக்கு ஒருமுறை அதே எழுத்து திரும்ப வருகிறது. ஜே என்றால் 1988 ஆகவும் இருக்கலாம், 2018 ஆகவும் இருக்கலாம். சேசிஸ் கோடு பக்கத்திலேயே இருப்பதால் அதை வைத்துத் தீர்த்துவிடலாம். வட அமெரிக்காவுக்கு வெளியே விற்ற பல வண்டிகளில் பத்தாவது எழுத்து ஆண்டையே குறிக்காது, அது வேறு தொல்லை. ஜப்பான் உள்நாட்டு வண்டிகளில் 17 எழுத்து விஐஎன் கிடையாது, உதாரணத்துக்கு பிஎன்ஆர்32 என்று தொடங்கி நடுவில் சிறுகோடு வரும் ஃபிரேம் எண்தான். அது எனக்கு இன்னும் வசதி, சிறுகோட்டுக்கு முன்னால் இருப்பதே சேசிஸ் கோடு. முழு எண்ணைச் சேமிக்கவே போவதில்லை. படிவத்தில் சிறுகோடு வரைக்கும் மட்டும் தட்டும்படி பெட்டியை அமைத்துக்கொண்டிருக்கிறேன். மீதியை ஒட்டினாலும் சர்வருக்கு அனுப்பாமல் உலாவியிலேயே வெட்டிவிடும்.