குலசை தசரா: சம்ஹாரத்துக்கு மட்டும் போனால் பாதி பணம் வீண்

முத்தாரம்மன் கோயில் தசரா நடக்கும் குலசை, அதாவது குலசேகரன்பட்டினம், திருச்செந்தூரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். சாதாரண நாளில் டவுன் பஸ்ஸில் சில்லறைக் காசோடு முடிகிற தூரம். விஜயதசமியன்று இதற்கு ஆட்டோவில் வாய்க்கு வந்ததைக் கேட்கிறார்கள். பேரம் பேசி ஏறினாலும் ஊருக்கு வெளியே தடுப்பு. இறங்கி நடக்கத்தான் வேண்டும். கொடுத்த காசு அந்தத் தடுப்போடு சரி.

அம்மன் சூரனை வதம் செய்யும் சம்ஹாரம் அன்று நள்ளிரவில், சிதம்பரேஸ்வரர் கோயிலுக்கு எதிரே கடற்கரையில். கூட்டம் லட்சக்கணக்கில். செல்போன் எடுக்காது, அதனால் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இருட்டியபின் போனால் முன்னால் நிற்பவர் பிடரிதான் தரிசனம்.

தலபுராணப்படி, அகத்தியரை அவமதித்த வரமுனி எருமைத் தலையோடு அசுரனாகச் சாபம் வாங்கினான். வேள்வியில் தோன்றிய பெண் குழந்தை ஒன்பது நாளில் வளர்ந்து பத்தாம் நாள் அவனை வதம் செய்தாள். மணலில் நடப்பதும் அதுதான்: முத்தாரம்மன் சிம்ம வாகனத்தில் வர, சூரன் சிங்கம், எருமை, சேவல் என்று தலையை மாற்றிக்கொண்டே எதிரே வருவான். ஒவ்வொரு தலைக்கும் சூலம் இறங்கும். காத்திருந்த நேரத்தைப் பார்த்தால், சட்டென்று முடிந்துவிடும்.

என்னைக் கேட்டால் நாலைந்து நாள் முன்பே போய் உடன்குடி சுற்றுவட்டார ஊர்களில் திரியுங்கள். கொடியேறி, காப்புக் கட்டியவர்கள் குறவன், குரங்கு, போலீஸ், ராஜா என்று வேஷம் போட்டு மேளத்தோடு வீடு வீடாகக் காணிக்கை எடுக்கும் நாட்கள் அவை. அந்தப் பணமெல்லாம் கோயில் உண்டியலுக்கு. வசதியானவரும் கையேந்தித்தான் வாங்க வேண்டும். தசராவின் உயிரே அதுதான்.

காளி வேஷம்தான் கடினம். பலர் 41 நாள் விரதம். கிரீடம், சடைமுடி, கோரைப்பல், தொங்கும் நாக்கு, முதுகில் கயிற்றால் இறுக்கிய கைகளின் வரிசை. தோளில் துணி மடித்து வைக்காமல் கட்டினால் கயிறு தோலை உரித்துவிடும். கண்மறைப்பின் துளை சின்னது, வியர்வை இறங்கினால் வழி தெரியாது. கூடவே ஒருவர் கையைப் பிடித்து நடப்பது அதனால்தான். நடுவில் மறித்து செல்ஃபி கேட்காதீர்கள், பாவம். இரும்பு ஆயுதத்துக்கும் சாதிக் கொடிக்கும் போலீஸ் தடை உண்டு, நல்ல வேலை. சில குழுக்களின் சினிமாக் குத்தாட்டத்தை அடியோடு நிறுத்தினால் இன்னும் நல்லது.

கருப்பட்டி வாங்க உடன்குடிதான். கடைக்காரரிடம் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பளபளவென்று மின்னினால் சீனி கலந்தது. விலை குறைவென்று மயங்காமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.