மாமா ஒருவர், கேமரா இரண்டு: விஸ்காம் ப்ராஜெக்ட் செய்யப்போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு படித்தபோது, கேமராவும் காட்சி நடையும் பார்வையாளரின் கருத்தை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் என் ப்ராஜெக்ட். இந்த வருடம் இதே தலைப்பையோ இதற்குப் பக்கத்துத் தலைப்பையோ எடுத்திருக்கிற தம்பி தங்கைகள் சிலர் என்னிடம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் விழுகிறோம். ஒரு குறும்படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, "ஒளிப்பதிவு எப்படி இருந்தது? கேமரா கோணங்கள் உங்களைப் பாதித்தனவா?" என்று அச்சடித்த தாளை நீட்டினேன். "நல்லா இருந்துச்சு." "கிளியரா இருந்துச்சு." தாள் முழுக்க இதுதான். ஒரு வாரம் ஊர் ஊராகச் சுற்றியதில் உருப்படியாக ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், படம் பார்க்கிறவருக்குக் கேமரா தெரியாது. கேமரா செய்த வேலை அவர் மனதில் ஆளைப் பற்றிய கருத்தாகத்தான் போய் உட்காருகிறது. "அந்த ஆளு சரியில்ல", "அந்தப் பிள்ள பாவம்", "படம் ஏதோ இழுக்குற மாதிரி இருந்துச்சு" என்றுதான் அவர் சொல்வார். அதனால் கேமராவைப் பற்றி ஒரு கேள்விகூட வைக்காதீர்கள். அந்த ஆளைப் பற்றிக் கேளுங்கள். "இவர் எப்படிப்பட்டவர்? இவரிடம் நீங்கள் கடன் கேட்பீர்களா?" இந்த இரண்டு கேள்விதான் என் ப்ராஜெக்ட்டைக் காப்பாற்றியது.

கடன் என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்றால், சேரன்மகாதேவியில் என் மாமாவுக்குப் பலசரக்குக் கடை. ஒரு பையன் வந்து அரிசி கடனாகக் கேட்கிறான். மாமா கணக்கு நோட்டைப் புரட்டிவிட்டு, "பழைய பாக்கியக் கொடுத்துட்டு வாங்கிக்கோ தம்பி" என்கிறார். பையன் நிற்கிறான். அவ்வளவுதான் காட்சி, ஒரு நிமிடம்கூட வராது. இதையே கீழிருந்து பார்க்கும் லோ ஆங்கிளில் ஒரு முறையும், கண் மட்டத்தில் ஒரு முறையும் எடுத்துக் காட்டி ஒப்பிடுவது திட்டம்.

காலை எட்டு மணிக்கு ஒன்றை எடுத்தோம். சாப்பிட்டுவிட்டு வந்து பதினொரு மணிக்கு இன்னொன்றை எடுத்தோம். ப்ராஜெக்ட்டை வழிநடத்திய ஆசிரியரிடம், அதாவது கைடிடம், காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதுல எது மாறியிருக்கு?" கோணம் என்றேன். திரும்பப் பாரு என்றார். கடை கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் நேராக மாமா முகத்தில் விழுந்திருந்தது. பதினொரு மணிக்கு வெயில் ஓட்டு விளிம்புக்கு மேலே ஏறிவிட, முகம் நிழலில் இருந்தது. போதாததற்கு, இரண்டாம் முறை மாமா அந்த வசனத்தைக் கொஞ்சம் அலுப்போடு சொல்லியிருந்தார். கோணம், வெளிச்சம், நடிப்பு மூன்றும் சேர்ந்து மாறியிருந்தால், பார்த்தவரின் கருத்து எதனால் மாறியது என்று எப்படிச் சொல்வது?

இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. ஒரே மாடல் போன் இரண்டை எடுத்துக்கொண்டு (ஒன்று என்னுடையது, இன்னொன்று கூடப் படித்தவனுடையது), ஒரே நேரத்தில் ஓடவிட்டோம். ஒன்று தெருவில் தரையோடு தரையாக அண்ணாந்து பார்த்தது. இன்னொன்று டிரைபாடில் மாமாவின் கண் உயரத்தில் நின்றது. நடிப்பும் வெளிச்சமும் ஒன்றுதான், சத்தத்துக்கும் ஒரே பதிவைப் போட்டோம். மாமா முகத்திலிருந்து இரண்டு போனுக்கும் உள்ள தூரத்தைக் கயிறு வைத்து அளந்து ஒன்றாக்கினோம். தூரம் ஏன் முக்கியம் என்றால், மூக்கு பெரிதாகத் தெரிவதும் முகம் தட்டையாகத் தெரிவதும் கேமரா எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பதால் வருவது. வைட் ஆங்கிள் லென்ஸ்தான் (அகலமாகக் காட்டும் லென்ஸ்) முகத்தைக் கோணலாக்குகிறது என்று நம்மில் பலர் எழுதுகிறோம். வைட் ஆங்கிள் லென்ஸ் போட்டால் முகத்தை ஃபிரேமில் நிரப்பக் கிட்டே போக வேண்டியிருக்கிறது, அந்தக் கிட்டப் போனதுதான் காரணம். இதை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தெளிவாகச் சொல்லுங்கள், வெளியிலிருந்து வருகிற எக்ஸ்டர்னல் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

நிறத்தைச் சோதிக்க இவ்வளவு பாடுகூட வேண்டாம். ஒரே ஷாட்டை எடிட்டில் ஒன்று மஞ்சள் பக்கமாகவும் ஒன்று நீலப் பக்கமாகவும் தள்ளினால் போதும். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் 3200 கெல்வின், 5600 கெல்வின் என்பவற்றை எண்களாக மனப்பாடம் செய்யாமல், குண்டு பல்பு மாதிரியான மஞ்சள் வெளிச்சமும் நடுப்பகல் வெயிலுமாக மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கேள்விக்கும் தடுமாற மாட்டீர்கள்.

அப்புறம் இன்னொன்று. இரண்டு பதிப்பையும் ஒரே ஆளுக்குக் காட்டிவிடாதீர்கள். இரண்டாவதைப் பார்க்கும்போதே அவர் வித்தியாசம் தேட ஆரம்பித்துவிடுவார், அதற்குமேல் அவர் வெறும் பார்வையாளர் இல்லை. ஒரு தெருவுக்கு ஒன்று, அடுத்த தெருவுக்கு மற்றொன்று என்று பிரித்துக்கொண்டோம். மாமாவைத் தெரிந்தவர்களிடம் காட்டக் கூடாது என்பதால் சேரன்மகாதேவியை விட்டுவிட்டு முக்கூடல் பக்கம் போனோம்.

கண் மட்டத்தில் பார்த்த ஒரு ஆச்சி, "அவரு என்னய்யா செய்வாரு, அவருகிட்டயே காசு இல்லல்லா" என்றார். தரையிலிருந்து எடுத்ததைப் பார்த்த ஒரு அண்ணாச்சி, "கறாரான ஆளு, இவருகிட்ட எல்லாம் நான் போயி நிக்க மாட்டேன்" என்றார். வசனம் ஒன்று, முகமும் ஒன்று! அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் வரும்போது எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் அதே தரைக் கோணத்தைப் பார்த்த ஒரு அக்கா, "நல்ல கம்பீரமா இருக்காரு, நியாயமாத்தான் பேசுதாரு" என்றார். இதை ஒதுக்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒதுக்காதது நல்லதாகப் போயிற்று. 'லோ ஆங்கிள் என்றால் அதிகாரம், ஹை ஆங்கிள் (மேலிருந்து பார்ப்பது) என்றால் பலவீனம்' என்று நோட்ஸில் அகராதி மாதிரி எழுதி வைத்திருக்கிறோமே, அது பாதி உண்மைதான். கோணம் ஒரு ஆளைப் பெரிதாக்கும். அந்தப் பெரிதைப் பார்த்துப் பயப்படுவதா மதிப்பதா என்பதைக் கதையும் வெளிச்சமும் பார்க்கிறவரின் வாழ்க்கையும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

பார்க்கிறவரின் வாழ்க்கை என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படம் நம் மண்ணின் கதை. அதில் நாயகன் முகத்திலும் கருப்பி நாயின் மேலும் வருகிற நீலத்தை விடுதியில் பேசிக்கொண்டிருந்தோம். அந்த நீலம் தெருவின் சுவரிலும் கொடியிலும் அம்பேத்கரிய, தலித் அரசியலின் நிறமாக இருக்கிறது என்று தெரிந்தவன் அதைப் பார்த்ததும் உடைந்துபோனான். தெரியாதவன் பாடலில் கலர் நன்றாக இருக்கிறது என்றான். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான்.

முந்தைய ஆய்வுகளைச் சொல்லும் பகுதிக்கு எல்லோரும் திரைப்பட இயக்குநர் குலெஷோவை எழுதுவார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் அவர் ஒரு நடிகரின் ஒரே முகத்தைச் சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் என்று மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டியது. எழுதுங்கள், ஆனால் அது படத்தொகுப்பு பற்றியது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஒளிக்கு 1972இன் 'தி காட்ஃபாதர்' போதும். அதன் ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் தலைக்கு மேலிருந்து வெளிச்சம் போட்டதில் கண்கள் குழிக்குள் இருட்டாகிவிடும். கண்கள் நிழலில் மறைந்த ஒருவர் மனதில் என்ன வைத்திருக்கிறார் என்று நமக்குப் புரியாது, அந்தப் புரியாமைதான் பயத்தையும் மரியாதையையும் தருகிறது. பெண்களைக் கேமரா எப்படிப் பார்க்கிறது என்ற தலைப்பை எடுப்பவர்களுக்குத் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வியின் 1975ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது.

எனக்கு அதிகம் கைகொடுத்தது சினிமாவே இல்லை. 1986இல் அமெரிக்காவில் டேனியல் லாசிட்டர் என்ற உளவியலாளர் தன்னுடன் ஆய்வு செய்தவரோடு வெளியிட்ட ஆய்வுதான் அது. போலீஸ் விசாரணையில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது கேமரா அவரை மட்டும் காட்டினால், பார்க்கிறவர்கள் அவர் தானாக முன்வந்து சொல்கிறார் என்று நினைக்கிறார்கள். விசாரிப்பவரை மட்டும் காட்டினால், மிரட்டி வாங்கியதாக நினைக்கிறார்கள். வாக்குமூலம் ஒன்றுதான். ஒரு மனிதனின் சிறைவாசமே கேமரா நிற்கிற இடத்தைப் பொறுத்து மாறலாம் என்றால், நாம் எடுத்திருக்கிற தலைப்பு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். வைவாவில் "சினிமா பார்த்துட்டு ரெண்டு மணி நேரத்துல மறந்துடுவாங்க, இதுல என்ன இருக்கு?" என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

எல்லாம் முடிந்தபின் மாமாவிடம் இரண்டு பதிப்பையும் காட்டினேன். தரையிலிருந்து எடுத்ததைப் பார்த்துவிட்டு, "நான் இப்படியா பேசுதேன்?" என்று கேட்டார். போன் இருந்த இடத்தைக் காட்டினேன். அவர் தெருவில் இறங்கி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அங்கே குத்தவைத்து உட்கார்ந்து, தன் கடையை அண்ணாந்து பார்த்தார். கடைத் தரை தெருவைவிட மூன்று படி உயரம். "கடன் கேட்டு நிக்கிறவனுக்கு நான் என்னிக்குமே இப்படித்தான் தெரிஞ்சிருக்கேன் போல" என்றார்.

ப்ராஜெக்ட் ரெக்கார்டு பைண்டிங் செய்யப் போய்விட்டிருந்ததால் அதைச் சேர்க்க முடியவில்லை. அதனால் சமர்ப்பிக்கிற தேதிக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் நடிகர்களிடமும் படத்தைக் காட்டிவிடுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.